பரிமளா டீச்சரும் எங்கள் வீட்டுத் தும்மலும்

பரிமளா டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழே முக்காலுக்கு வந்தது. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியும் அந்தக் குழுவிலிருந்து நான் வெளியேறவில்லை. யாராவது பிறந்தநாள் கேக் படம் போடுவார்கள், மழை என்றால் லீவு உண்டா என்று யாராவது கேட்பார்கள். அன்றும் அப்படி ஏதோ என்றுதான் திறந்தேன். விடியற்காலையில் மாரடைப்பு, மூன்று மணிக்கு தருமபுரி வீட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று இருந்தது. கீழே கைகூப்பிய படங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. நான் ஒன்றும் போடவில்லை. என் இன்னொரு கை, ஐந்து வயது மகள் மித்ராவின் முகத்தில் மருந்து மூடியை அழுத்திப் பிடித்திருந்தது. இன்ஹேலரை வாயில் வைத்து இழுக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அதை ஒரு பிளாஸ்டிக் குழாயில் செருகி, மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மூடியை வைத்து, பத்து மூச்சு எண்ண வேண்டும். ஆறில் இருந்தேன். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.

எங்கள் வீடு பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், மாந்தோப்புக்கு நடுவில். அங்கிருந்து தருமபுரி ஒரு மணி நேரம்கூட ஆகாத பஸ் தூரம். நான் வரவில்லை. என்னைத் தேடினீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும், அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும் நான் சொல்ல வேண்டிய பதில்தான் இது.

டீச்சரின் தும்மல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தை பிறந்து மாமரம் பூவெடுத்தால் ஆரம்பிக்கும். கரும்பலகையில் பாதிச் சமன்பாட்டில் சாக்பீஸ் நிற்கும். வரிசையாக ஏழு தும்மல். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சத்தமாக எண்ணும். "எட்டு வந்துச்சுன்னா இன்னைக்கு ஹோம்வொர்க் கிடையாதுடா" என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு எட்டுக்காகக் காத்திருப்பார்கள். நான் அங்கே இருந்த நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவை எட்டு வந்தது. பக்கத்து வகுப்பில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த நான், கூச்சல் கேட்டு, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லோரும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சொன்ன வாக்கு, என்னங்க பண்றது" என்றார்.

ஆசிரியர் அறையில் அவர் செய்யும் ஒரு காரியம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. தினக்காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் முதுகில் நாலு வரி எழுதி, கிளிப் போட்டு வைப்பார். என்ன சாப்பிட்டார், எங்கே போனார், வீட்டில் என்ன வேலை, தும்மல் எப்படி. "என்ன டீச்சர், பஞ்சாங்கம் எழுதறீங்களா?" என்று கேட்டேன். "மூக்குப் பஞ்சாங்கம்மா" என்றார். யாரோ சொன்னார்கள் என்று சித்தேரி மலையிலிருந்து தேன் வரவழைத்து ஒரு பூக்காலம் முழுக்கச் சாப்பிட்டுப் பார்த்தவர் அவர். முடிவு என்ன ஆச்சு என்று கேட்டதற்குத் தாள்களைப் புரட்டிவிட்டு, "தேன் ரொம்ப நல்லாயிருந்துச்சு. தும்மலும் குறையாம நல்லாயிருந்துச்சு" என்றார்.

மித்ராவுக்கு மூன்று வயதில் அது வந்தது. முதலில் தும்மல், கண்ணைக் கசக்குதல், மூக்கில் தண்ணீராக ஒழுகுதல். பிறகு மூச்சில் விசில். தூசியும் பூந்தாதும் ஒத்துக்கொள்ளவில்லை என்ற தருமபுரி டாக்டர், தினமும் வைக்க இன்ஹேலர் பம்பு எழுதிக்கொடுத்தார். மகரந்தம் எவ்வளவு தூரம் பறக்கும் என்று பாடம் நடத்தியவள் நான். தெரிந்ததே பயமாகிவிட்டது. வேலையை விட்டேன். ஜன்னல்களைச் சாத்தினேன். வீட்டைச் சுற்றி ஏழு ஏக்கர் மாமரம், அதற்கப்பால் காலி நிலமெல்லாம் பார்த்தீனியச் செடி. உள்ளே நானும் மித்ராவும். தயிர், வாழைப்பழம், முட்டை, ஆரஞ்சு, பால், கொய்யா என்று ஒவ்வொருவர் சொன்னதற்கும் ஒன்றாக நிறுத்தி, பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். தும்மல் நிற்கவில்லை. பிள்ளை இளைத்துப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பார்க்க வந்தார். பட்டியலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"டாக்டர் இதுல எதை நிறுத்தச் சொன்னாரு?"

"எதையும் சொல்லலீங்க டீச்சர். நானாத்தான்…"

"அலர்ஜி மூக்குல. தண்டனை வயித்துக்கா?"

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி சமையலறைக்குப் போனார். மதியம் வெயில் ஏறியதும், ஃப்ரிட்ஜில் வைக்காத தயிரில் சோறு பிசைந்து மித்ராவுக்கு ஊட்டினார். நான் பக்கத்திலேயே நின்று அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்படி முறைச்சுப் பாத்தா எனக்கே தும்மல் வரும், போய் உக்காரு" என்றார். ஒன்றும் ஆகவில்லை. போகும்போது சொன்னார்: "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து நித்யா. பத்தை ஒண்ணா மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? கணக்குல அப்படிப் பண்ணா மார்க்கு போடுவேனா?"

அவர் சொன்னபடி நானும் காலண்டர் தாளில் எழுத ஆரம்பித்தேன். ஒன்றரை மாதம் கழித்து வந்தவர் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். மோசமான நாட்களைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார். நான் முதுகுப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரசம், கேழ்வரகுக் கஞ்சி, கீரை. எதிலும் ஒரு ஒழுங்கு தெரியவில்லை. அவர் படிக்கவே இல்லை. தாள்களைத் திருப்பிப் போட்டார். பெரிய எழுத்தில் கிழமை. செவ்வாய், வெள்ளி, வெள்ளி, செவ்வாய், வெள்ளி.

"செவ்வாய் வெள்ளி உங்க வூட்ல என்ன நடக்குது?"

"எண்ணெய் தேய்ச்சுத் தலைக்கு ஊத்துவோம் டீச்சர். அப்பறம் சாம்பிராணி…" சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் சாத்தியிருந்த ஜன்னலுக்குப் போனது. பூந்தாது வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திய அறை. அதற்குள் தலை காயட்டும், சளி பிடிக்காமல் இருக்கட்டும் என்று கூடை கவிழ்த்து சாம்பிராணிப் புகை. சாம்பிராணியை நான் ஒரு தாளிலும் எழுதியிருக்கவில்லை. அது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

என் மாமியார் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "புகை போடாம புள்ளைக்குத் தலை எப்படிங்க காயும்?"

"வெயில்ல காயட்டுங்கம்மா."

"வெயில்ல பூவு கொட்டுதுன்னு இவதான் வாசப்படி தாண்ட வுட மாட்டேங்கறாளே. ஆட்டுக்குட்டியக்கூட அவுத்து வுடறோம்."

டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதால்தான்.

சாம்பிராணி நின்றது. அடுத்து ஒன்று: போர்வைகளை மாமரத்தடிக் கொடியில் காயப்போடுவதை நிறுத்தி மாடிக்கு மாற்றினேன். அடுத்து, வறட்டு விளக்குமாறுக்குப் பதில் ஈரத்துணி. வெளியே போய்வந்தால் முகம், கண் கழுவி உடை மாற்றுவது. காய்ச்சி ஆறவைத்த நீரில் டாக்டர் சொன்ன அளவு உப்பு கலந்து மூக்கைக் கழுவுவது. கொசுவர்த்திக்குப் பதில் வலை. கொய்யாவும் தயிரும் திரும்ப வந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். பூதான் காரணமா, பார்த்தீனியமா என்று கேட்டால் டீச்சர், "எனக்குத் தெரியாதும்மா" என்பார். தெரியாது என்று எனக்குப் பதில் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

பிறகு நான் செய்ததை நீங்கள் யாரும் அறிந்திருக்க மாட்டீர்கள். டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் மித்ரா நன்றாக இருந்தாள். இயற்கையாகவே சரிசெய்துவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை. யாரையும் கேட்காமல் பம்பை நிறுத்தினேன். மிளகு ரசம், மஞ்சள் பால் போதும் என்று நினைத்தேன். ஒன்பதாவது நாள் அவள் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தன. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தோம்.

டீச்சர் பள்ளி முடிந்து நேராக வார்டுக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ரசம் ரசம்தான், பம்பு பம்புதான். ரெண்டும் வேற வேற பாடம். ஒண்ணுல பாஸ் ஆனா இன்னொண்ணை எழுத வேணாம்னு யாரு சொன்னா?" என்றார். பிறகு, மெதுவாக, "இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். நீ படிச்சவ, தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றார். அந்தத் தப்பில் பாதியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக அவர் வந்தது போன கார்த்திகையில். மித்ரா அவர் கைப்பையைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். மருந்து நேரம் வந்ததும் நான் எழுந்தேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை உன்னைத் தவிர யாருக்கு வைக்கத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"உனக்குக் காய்ச்சல் வந்தா?"

"வராது டீச்சர்."

"அடி இவளே! காய்ச்சல் உன்னைக் கேட்டுக்கிட்டுத்தான் வருமா? உன் வூட்டுக்காரருக்குச் சொல்லிக் குடு."

"அவருக்குப் பொறுமை கிடையாதுங்க. மூடியைச் சரியா அழுத்த மாட்டாரு."

"நீ முதல் நாள் சரியா அழுத்துனியா?" என்றார். நான் மருந்தைக் குலுக்கினேன். "பூவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துன, சரி. அவருக்குச் சொல்லிக் குடுக்காம வச்சிருக்கியே, இது எந்தப் பூவுக்குப் பயந்து?"

சரி டீச்சர், சொல்லித் தருகிறேன் என்றேன். தரவில்லை. பொங்கல் போகட்டும், பூக்காலம் போகட்டும் என்று தள்ளினேன். கணவர் ஒரு தடவை தப்பாக வைத்துவிட்டால் அந்த ஒரு தடவையில் என்ன ஆகும் என்ற நினைப்பிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை.

செய்தி வந்த அன்று மித்ராவுக்கு மூன்றாவது நாளாக இழுப்பு இருந்தது. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது; நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து. நான் புடவை மாற்றி வாசல் வரை வந்தேன். என் கணவர், "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"உங்களுக்கு வைக்கத் தெரியாதுங்க."

"இப்பச் சொல்லிக் குடேன்."

"இப்ப முடியாதுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ரெண்டு வருசமா எப்பக் கேட்டாலும் இப்ப முடியாதுதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூன்று மணிக்கு நீங்கள் எல்லோரும் அங்கே அவரைத் தூக்கிய நேரத்தில், நான் சாத்திய அறைக்குள் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுதான் என் பதில். மித்ராவின் உடம்பு சரியில்லாததால் வரவில்லை என்று சிலரிடம் போனில் சொன்னேன். அது பாதிதான் உண்மை.

போன ஞாயிறு கணவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் நேராக மூடியை எடுத்தார். "அப்பா, முதல்ல குலுக்கணும்" என்றாள் மித்ரா. "மூடி லூசா இருக்குப்பா, அமுக்கு. இப்ப எண்ணு. வேகமா எண்ணக்கூடாது." நான் இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்ததெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. பத்து வரை எண்ணிவிட்டு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது மிகவும் கஷ்டமாக இருந்தது.

டீச்சர் சொன்ன மற்றதெல்லாம், சாப்பாடு, புகை, போர்வை, ஈரத்துணி எல்லாமே, மித்ராவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணவருக்குச் சொல்லிக் கொடு என்றது மட்டும்தான் எனக்கென்று சொன்னது. அவர் உயிரோடு இருக்கும்போது நான் கேட்காத அந்த ஒரு சொல்லை அவரிடமிருந்து எனக்காக வைத்துக்கொள்கிறேன். வரும் ஞாயிறு அவருடைய காரியம். காலை எட்டரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பத்து மணி மருந்தைக் கணவர் வைப்பார். பயமாகத்தான் இருக்கிறது. வருகிறேன்.