யங்கோனா வேர்க்கட்டு

தங்கள் இருபத்து நான்கு குணங்களை வரிசைப்படுத்தும் ஒரு தாளை ஃபிஜித் தலைநகர் சுவாவின் மருத்துவ மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை நிரப்ப வேண்டும். நான்காம் ஆண்டில் டிட்டிலியாவுக்கு முதலிடத்தில் வந்தது நன்றியுணர்வு. கடைசியில் துணிவு. ஆலோசகர் ஷியு லதா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தூக்கம் எப்படி என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றாள்.

"நல்ல குணத்தையெல்லாம் ஊருக்கே குடுத்துட்டா உனக்குன்னு என்னம்மா மிச்சம்?"

அப்பா இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

முதலாம் ஆண்டில் வெள்ளை அங்கியோடு எடுத்த படம் சொந்த ஊரான கௌ தீவுக்குப் போன நாளிலிருந்தே ஊருக்கு அவள் டாக்டர். விடுமுறையில் போனால் வாசலில் வரிசை நிற்கும். நான் மாணவிதான் என்பாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளியான அப்பா இனோக்கே, பவளப்பாறை கீறிய காலைப் படமெடுத்து அனுப்பினார். உடனே நர்ஸிடம் போகச் சொல்லி எழுதினாள். அவர் போகவில்லை. வெள்ளிக்கிழமைக் கப்பலில் மகள் வருகிறாள், வீட்டிலேயே டாக்டர் இருக்க நர்ஸ் எதற்கு என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்துக்கொண்டு ஐந்து நாள் காத்திருந்தார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கணுக்காலுக்கு மேல் கறுத்திருந்தது. மூச்சு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. நாடி பிடித்தாள். அதற்குமேல் அவள் கையில் எதுவும் இல்லை.

"வந்துட்டியா டாக்டர்? சீக்கிரம் பாரு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகணும்."

சுவாவுக்குக் கொண்டுவரும் வழியில் படகிலேயே இறந்தார்.

படிப்பை விடுவதாக எழுதிய கடிதத்தை லதாவிடம் காட்டினாள். அவர் தடுக்கவில்லை. பத்து மணிக்கு டீன் இருப்பார், நேரில் கொடு என்றார். அம்மாவிடம் ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அம்மா அழவில்லை, பெரியப்பாவிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

டீன் அறை வாசலில் நான்கு ஜோடிச் செருப்புகள். உள்ளே பெரியப்பா வைசாலே, கோயிலுக்குப் போடும் கோட்டுடன் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஊர்க்காரர்கள் மூவர். முன்னால், ஒன்றை வேண்டிக் கேட்கும்போது காணிக்கையாக வைக்கும் யங்கோனா வேர்க்கட்டு. டீனும் தீவுக்காரர், நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கியிருந்தார். பெரியவர்கள் தலைக்கு மேல் நிற்கக்கூடாது. டிட்டிலியா கதவோரம் உட்கார்ந்தாள்.

"புள்ள துக்கத்துல ஏதோ சொல்லிட்டா. மனசுல வச்சுக்காதீங்க. அவள இங்கேயே வச்சுக்குங்க. எங்க தம்பி இவளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தான்" என்றார் பெரியப்பா.

பேச்சு முடியும்வரை யாரும் குறுக்கிடக்கூடாது. முடிந்ததும் டீன் வேர்க்கட்டைத் தொட்டுவிட்டால் கேட்டது கொடுத்ததாகிவிடும். டீன் அவளை ஒருமுறை பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். நன்றியுணர்வு முதலிடம். மூடிக்கொண்டாள்.

டீன் இரு கைகளாலும் வேர்க்கட்டை எடுத்தார். வழக்கப்படி, குழித்த கைகளால் எல்லோரும் மெதுவாகத் தட்டினார்கள். அவள் கைகளும் தட்டின.

வெளியே வந்ததும் பெரியப்பா படியில் உட்கார்ந்து இடதுகாலை நீட்டினார். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"படகுல இடிச்சுக்கிட்டேன். நாலு நாளாச்சு."

"நர்ஸ்கிட்டக் காட்டலையா, பெரியப்பா?"

"எதுக்கு? அதான் நீ இருக்கியே."

கொடுக்காத கடிதம் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.