தானாக நிற்கும் ரம்பம்

பலகை பாதி அறுபட்டிருக்கும்போதே ரம்பம் மறுபடியும் நின்றுபோனது. எர்மெலிந்தா நிமிர்ந்து காதைக் கொடுத்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் அபுந்தியோவின் இழைப்பு மெஷின் மட்டும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

லிமாவுக்குத் தெற்கே, வில்லா எல் சல்வதோரில், கணவன் இறந்துபோனபிறகு அலமாரிப் பட்டறையை அவளே நடத்தினாள். கொட்டகையின் மறுபாதியில் கணவனின் தம்பி அபுந்தியோ நாற்காலி செய்தான். "இந்த ரம்பத்தோட ஏன் அண்ணி மல்லுக்கட்டுறீங்க? எனக்குக் குடுத்துடுங்களேன்" என்று அவன் ஒருநாள் கேட்டது அவள் மனசில் முள்ளாய்க் கிடந்தது. அவன் வராத நாளில் ரம்பம் சாயங்காலம்வரை ஓடும். அவன் வந்தால் நிற்கும். ரம்பத்தின் சுவிட்சுப் பெட்டியோ நடுத்தட்டியில், வாசலை ஒட்டி இருந்தது. போகிறபோக்கில் யார் வேண்டுமானாலும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடலாம்.

பலகையில் கோடு போடும் கயிற்றுக்குப் பூசும் நீலப்பொடியை எடுத்து அந்தப் பொத்தானில் தடவிவைத்தாள். அடுத்தமுறை ரம்பம் நின்றதும் நேரே அவனிடம் போய் நின்றாள்.

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

மரத்தூள்தான் இருந்தது. துடைத்திருப்பானோ என்று கால்சட்டையையும் பார்த்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நான் அமுக்குறேன்னு நெனைக்கிறீங்களா? எங்கண்ணன் இருந்திருந்தா இப்படிக் கேப்பீங்களா அண்ணி?"

"உங்கண்ணன் இருந்திருந்தா நீ ரம்பத்தக் கேட்டிருப்பியா?"

அவன் முகம் சிவந்தது. மெஷினை ஓடவிட்டபடியே தெருவுக்குப் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். "இப்ப ஓட்டுங்க! கை அங்கவரைக்கும் நீளுதான்னு பாப்போம்!" மூலிகைக் கஷாயம் விற்கிறவர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

ஓட்டினாள். பாதியில் நின்றது. ஆளை ஏவி வைத்திருக்கிறானோ என்று தட்டிக்குப் பின்னால் எட்டிப்பார்த்தாள். யாருமில்லை. ஆனால் தட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. சுவிட்சுப் பெட்டியைத் தொட்டாள்; குளிர்ஜுரம் கண்டதுபோல நடுங்கியது.

"உன் மெஷின நிறுத்து."

நிறுத்தினான். அதன்பின் ரம்பம் நிற்கவே இல்லை.

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையென்று மீட்டரில் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மரத்தூள் அடை அடையாக அப்பியிருந்தது. சிவப்புப் பொத்தானின் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. பொத்தானை அமுக்காதவரை ஒட்டியிருக்கவேண்டிய பித்தளைத் துண்டுகள் இரண்டும் பட்டும் படாமல் இருந்தன. இணைப்பு இருந்தால் கூவும்படி மீட்டரைத் திருப்பி அவற்றில் வைத்தாள், கூவியது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினாள், கூவல் அறுந்தது.

புதுச் சுவிட்சு வாங்கப் போனாள். கடைக்காரர், "அசல் சாமான்க்கா, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார். அவள் கண்ணை மூடவில்லை. மோட்டாரின் ஆம்பியருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தாள். கடைப்பலகையிலேயே அமுக்கி, விட்டு, மீட்டரில் சோதித்தாள். முதல் சுவிட்சின் பொத்தான் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டது. திருப்பித் தள்ளிவிட்டு வேறொன்றை வாங்கினாள்.

எந்த வயர் எந்த இடம் என்று கலர் நூல் கட்டி அடையாளம் வைத்து, ஒவ்வொன்றாக மாற்றினாள். புதுப் பெட்டியைத் தட்டியில் மாட்டாமல், தரையில் ஊன்றிய தூணில், தூசி புகாத மூடியோடு பொருத்தினாள். இரண்டு மெஷினையும் சேர்த்து ஓடவிட்டார்கள். நீளப்பலகை முழுசாக அறுபட்டு வந்தது.

"தப்பா நெனச்சுட்டேன், அபுந்தியோ."

"சத்தமாச் சொல்லுங்க. தெருவே பாத்துச்சு."

வாசலுக்குப் போய்ச் சத்தமாகவே சொன்னாள். அப்படியும் அவன் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் வழக்கம்போல அவள் கொண்டுவந்த பீன்ஸையும் சோற்றையும் தொடவில்லை. மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான். அதற்கடுத்த நாள் தட்டைப் பார்த்து, "மிளகா அரைக்கலையா அண்ணி?" என்று கேட்டான். அதன்பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.