ரெஜின் ‘கொள்ளாம்’ என்றால்

பஞ்சின் நுனியை இரண்டு விரலால் முறுக்கி, கம்பிச் சுருளின் துளைக்குள் நுழைக்கிறார் ரெஜின். எச்சில் தொட்டு முறுக்கினால் சுலபமாக நுழையும். தொடமாட்டார். “எச்சி பட்டா திரி கெட்டுப் போவும், கேட்டியளா” என்பார். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் பஞ்சை மெல்ல இழுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்கிறார். பஞ்சு நகரும்போது சுருள் அசைந்தும் அசையாமலும் இருக்க வேண்டும். சிகரெட்டை விட்டுவிட்டு, அந்தப் பெருமையோடு இந்த மின்புகைக் கருவியைப் பிடித்துக்கொண்ட என்னைப் போன்ற அரைகுறையாகத் திருந்தியவர்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் கைகட்டி நிற்கிறோம்.

துபாயில், சத்வாவின் தையல் கடைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த வேப் கடை. இழுத்துத் தீர்த்ததும் தூக்கிப் போடுகிற ரகங்கள் கண்ணாடி அலமாரியில் மிட்டாய் நிறங்களில் அடுக்கியிருக்கும். ரெஜினுக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. திரியைக் கழற்றி மாற்றுகிற கருவியோடு வருகிறவர்களுக்குத்தான் நாற்காலியைத் திருப்புவார். ஊர் குளச்சல் பக்கம். துபாய்க்கு ஏசி மெக்கானிக்காக வந்தவர், இந்தக் கடையில் ஏசி மாட்ட வந்து இங்கேயே மாட்டிக்கொண்டார்.

திரி வைப்பதற்கு முன் அவர் கேட்கும் முதல் கேள்வி, “டியூட்டி எங்க?” என்பது. போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். காரணம் உண்டு. பஞ்சு உறிஞ்சி, சுருளின் சூட்டில் புகையாகிற திரவத்தைத்தான் ஜூஸ் என்பது. “சைட்டுல நிக்கியவனுக்கு வெயில்ல ஜூஸ் தண்ணியா ஓடும். பஞ்ச நெருக்கி வைக்கணும். ஆபீஸ்ல ஏசி. அங்க அது பாகு மாதிரி கெடக்கும். தளத்தி விட்டாத்தான் மேல ஏறும்.” திரியின் இரண்டு முனைகளையும் அவர் கால் என்பார். “கால் தரையத் தொடணும். தரையில படுத்துக் கெடக்கப்பிடாது.” குட்டையாக வெட்டினால் அடியில் தேங்கிய ஜூஸை எட்டாமல் பஞ்சு கருகும். நீளமாக விட்டால் மடிந்து அடைத்துக்கொள்ளும். ஜப்பான் பஞ்சுத் தகடுதான் அவருக்குப் பிடித்தம், மேல்தோலை உரித்துவிட்டு உள்ளே இருப்பதை எடுப்பார். ஒரு டாக்ஸி டிரைவர் மெடிக்கல் ஸ்டோர் பஞ்சை நீட்டியபோது, “பாய், இது புண்ணுக்கு. நெஞ்சுக்கு இல்ல” என்று இந்தியும் தமிழுமாகத் திருப்பிக் கொடுத்தார். எதையும் நெஞ்சுக்கு நல்லது என்று அவர் சொன்னதில்லை.

கடைசியில் சோதனை. தனக்கென வைத்திருக்கும் வாய்க்குழலைப் பொருத்தி ஓர் இழுப்பு. புகையை விட்டுவிட்டு, கூரையைப் பார்த்து, “கொள்ளாம்” என்பார். அவர் ஊரில் ‘நன்றாயிருக்கிறது’ என்பதற்கு அந்த ஒரு சொல்தான். அது வந்த பிறகுதான் கருவி கைமாறும். கடை முதலாளி கீழக்கரை சுஐபு, இதையே விளம்பரமாக வைத்திருக்கிறார். “நம்ம கடையில ருசி பாக்காம ஒண்ணு வெளிய போவாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ரெஜினுக்கு முன்னால் இருந்தவனைப் பற்றியும் சொல்வார். “நாக்கு சரியில்ல. டிக்கெட் எடுத்து அனுப்பிட்டேன்.”

குளிர் தொடங்கிய சமயம் என் கருவியைக் கொடுத்தேன். பேச்சுக்கிடையில் திரியின் ஒரு காலைக் குட்டையாக வெட்டிவிட்டார். நானும் கவனிக்கவில்லை. வழக்கம்போல இழுத்தார், கூரையைப் பார்த்தார், “கொள்ளாம்” என்றார். வாங்கி ஓர் இழுப்பு இழுத்தேன். கந்தல் துணியைக் கொளுத்தி வாய்க்குள் திணித்தது போல இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. அந்தக் கருகல் வாடைக்கு எந்த நாக்கும் முதல் நொடியிலேயே அலறியிருக்கும். ரெஜினின் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் போனது எப்படி?

“என்ன?” என்று சுஐபு கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார்.

ரெஜினைப் பார்த்தேன். சொல்லாதீர்கள் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். “ஒண்ணுமில்ல பாய், புரை ஏறிடுச்சு” என்றேன்.

பிறகு கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டி ஓரம் நின்று ரெஜின் சொன்னார். “நோம்பு சமயத்துல ஒரு காய்ச்சல் வந்துல்லா, அண்ணே. காய்ச்சல் போச்சு. அதோட வாசனையும் ருசியும் போச்சு. தொண்ட எரியது தெரியும். ஆனா எல்லா இழுப்பும் இப்பம் எரியத்தான் செய்யுது. எது பஞ்சு, எது ஜூஸ்னு தெரியல்ல.”

டாக்டரிடம் போகச் சொன்னேன். இந்தப் புகையை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தால் போனது திரும்பி வருமா என்று கத்தவும் செய்தேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். “டாக்டரு மொதல்ல இத நிறுத்தச் சொல்லுவாரு. நிறுத்தினா வேல கலாஸ். வேல போனா விசா போச்சு. ஜிஷாவும் பிள்ளையும் என் விசாவுலல்லா நிக்காவ? அக்ஸாவுக்கு மார்ச்சுல பன்னெண்டாம் கிளாஸ் பரீட்ச. அதுவர ஓட்டணும். ஜிஷா அறிஞ்சா இன்னைக்கே விடச் சொல்லுவா. நீங்க சொல்லிராதீங்க.” அவர் மனைவியிடம் சொல்லமாட்டேன் என்றேன். நல்ல காரியம் செய்கிறேனா, ஒரு மனிதனை மெல்லக் கொல்ல உதவுகிறேனா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் கண்ணாலும் காதாலும் பிழைக்கிறார். திரியின் காலை இப்போது விரல் நகத்தோடு ஒட்டி வைத்து அளந்து வெட்டுகிறார். சூடேறும்போது வருகிற சத்தத்தைக் குனிந்து கேட்கிறார். ஈரத் திரி பொரியும், காய்ந்த திரி பேசாது. ஆனாலும் வாயில் வைத்து இழுக்காமல் விடுவதில்லை, சுஐபு பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘கொள்ளாம்’ முன்பைவிடச் சத்தமாக வருகிறது.

போன வாரம் ஜிஷா எனக்கு போன் செய்தார். அதுவரை அவர் என்னை அழைத்ததே இல்லை. “வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வாங்க அண்ணே” என்றார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக மூடிய கடை மாலையில்தான் திறக்கும். போனேன். ஒரு பழைய வில்லாவைப் பலகையால் தடுத்துப் பல குடும்பங்களுக்கு விட்டிருந்தார்கள். அதில் இவர்களுக்கு ஓர் அறை. கட்டிலின் ஒரு மூலையில் அக்ஸா பாடப் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். தரையில் செய்தித்தாள் விரித்து, சோறும் சாளைக் கறியும் வைத்தார் ஜிஷா. அக்ஸாவுக்கு மட்டும் முட்டையும் தயிரும்.

“எனக்கும் மீன் வேணும் மம்மி.”

“உனக்கு வேண்டாம் மக்களே” என்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதல் கவளத்தை வாயில் வைத்தேன். உப்பு! கை தவறிப் போட்ட உப்பல்ல. கடல் தண்ணீரையே கொதிக்க வைத்தது மாதிரி. துப்பியிருப்பேன். நிமிர்ந்தால் எதிரே ரெஜின் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மீனின் முள்ளைக்கூட உறிஞ்சுகிறார். ஜிஷா சாப்பிடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கறி எப்படி?” என்றார்.

“கொள்ளாம்” என்றார் ரெஜின். கடையில் சொல்வது போலவே, சற்று உரக்க.

ஜிஷாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. “உங்களுக்கு அண்ணே?”

வாயில் இருந்ததை விழுங்கினேன். தொண்டை அறுத்தது. “கொள்ளாம்” என்றேன். என் ஊர்ச் சொல்லே அல்ல அது. வாயை விட்டு வந்த பிறகுதான் புரிந்தது, எங்கள் இருவரையும் ஒரே கறியில் பிடித்துவிட்டார் என்று. சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடிக்கவும் தைரியம் வரவில்லை. ரெஜின் எதுவும் அறியாமல் இன்னொரு கை சோறு கேட்டார்.

ஜிஷா கட்டிலைப் பார்த்தார். அக்ஸா தயிர்ச்சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஏதோ அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். “பரீட்சைக்கு இனி எத்தன நாள் உண்டு மக்களே?” என்றார். பிறகு கணவருக்குச் சோறு வைத்து, கறியை ஊற்றினார். தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு, சட்டியைச் சரித்து மிச்சக் கறி முழுவதையும் அதில் விட்டு, பிசைந்து, முகம் மாறாமல் சாப்பிட ஆரம்பித்தார்.