ரயிலேறும் காட்சியின் வயலின்

2006 ஒக்டோபர். ஒஸ்லோவின் ரொம்சோஸில் ஒரு பாடசாலை மண்டபத்தில் எங்கள் வாணி விழா. எனக்குப் பதினாறு வயது. சின்ன வயதிலிருந்தே வயலின் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த கோடையில் அரங்கேற்றம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அம்மா அதற்குச் சேலைகூட எடுத்துவிட்டார்.

அந்த நாட்களில் ஜப்பானியக் கார்ட்டூன் படம் என்றால் எனக்குப் பைத்தியம். ஒரு படத்தில், தாயைப் பிரிந்து ரயிலேறும் பெண் வாயே திறக்கமாட்டாள். அவளுக்காக வயலின்தான் அழும். கணினியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஸ்வரம் ஸ்வரமாகப் பிடித்தேன். விழாவில் விரும்பியதை வாசிக்கலாம் என்றார்கள். நான் அதையே வாசித்தேன்.

பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். முடிந்ததும் என்ன கைதட்டல்! சென்னையிலிருந்து பிரதம விருந்தினராக வந்திருந்த வித்துவான் மேடைக்கே ஏறி வந்தார்.

“மோகன ராகத்தை இவ்வளவு உருக்கமா கேட்டு ரொம்ப நாளாச்சும்மா! யார் இயற்றின உருப்படி?”

பக்கத்தில் ஆசிரியை பூரித்துப்போய் நின்றார்.

“இது ஜப்பான் கார்ட்டூனிலை வாற மியூசிக், சேர்” என்றேன் பெருமையாக.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வித்துவான் “ஓ, பொம்மைப் படமா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

மேடைக்குப் பின்னால் ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். “சரஸ்வதிக்கு முன்னாலை கார்ட்டூன் பாட்டோ? அந்தப் பெரிய மனுசனுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய். உனக்கு இனி அரங்கேற்றமும் இல்லை, ஒண்டும் இல்லை.” சும்மா கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, அடுத்த வாரம் வகுப்புக்குள்ளேயே விடவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். விழா முடிந்து வரும்போது காரில் அம்மா கேட்டதுதான் இன்றும் ஆறவில்லை. “மோகனம் எண்டு அந்த மனுசனே சொன்னவர். ஓம் எண்டு தலையாட்டியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

ஒரு ஸ்வரமும் மாறவில்லையே! உருகியவர்கள் அவர்கள்தானே? எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் காதுக்கு என்ன வந்தது?

இன்றும் வாசிக்கிறேன். ஆனால் யாராவது கைதட்டினால் சந்தோஷப்பட முடிவதில்லை. விசாரித்துவிட்டு இதையும் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்றுதான் மனம் பயப்படுகிறது.