பேனா தூக்கியிருந்த நேரம்

ஒதிலியா பெந்தாங்கூருக்குக் குரல்களெல்லாம் தண்ணீராகவே தோன்றும். சிலருடையது தூறல், சிலருடையது கல்லில் மோதித் திரும்பும் ஓடை, அமைச்சகத்து அதிகாரிகளுடையது திறந்தால் வந்து மூடினால் நிற்கும் குழாய்நீர். தலைநகர் மொந்தேவிதேயோவின் சட்டமன்றக் குழு அறைகளில் சுருக்கெழுத்தாளராக அமர்ந்தே அவளுக்குத் தலைமுடி வெளுத்துவிட்டது. வாய் பேசுவது காதில் விழுந்து, எங்கும் தங்காமல், விரல் வழியாகத் தாளில் இறங்கிவிடும். தாளில் கிடக்கும் கோடுகள் ஈர மணலில் பறவை நடந்துபோன தடங்களைப் போலிருக்கும்.

பேனா இல்லாதபோதும் அந்த விரல் ஓய்வதில்லை. பேருந்தில் யாரோ பேசினால் அது பாவாடையின் மேல் எழுதும். உறக்கத்தில் போர்வையின் மேல் எழுதும். அவளுடன் வசித்த தங்கை நில்தா, மாத்தே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேலி செய்வாள்.

"ஊர் பேசுறதெல்லாம் உன் விரல்ல இருக்கு. வீட்டுல மட்டும் ஒரு வார்த்தைக்குப் பஞ்சம்."

ஒதிலியா சிரித்துவிட்டுப் பேசாமலிருப்பாள். சுருக்கெழுத்தாளர் அவையில் பேசக்கூடாது என்பது விதி. அந்த விதி எப்போது தன்னுடன் வீட்டுக்கும் வந்து குடியேறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அறைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஏதேனும் பேசவேண்டியிருந்தால் தலைவர், "பேனாவைத் தூக்குங்கள்," என்பார். சுருக்கெழுத்தாளர் பேனாவை மேசையிலிருந்து உயர்த்திப் பிடித்துக்கொள்வார். "எழுதலாம்" என்ற சொல் வரும்வரை பேசப்படுவது எதுவும் பதிவாகாது. அந்த நேரம் யாருக்கும் சொந்தமற்ற நேரம். எத்தனையோ இனிமையான கதைகள் அதற்குள் பிறந்து, அதற்குள்ளேயே மறைந்ததை ஒதிலியா கேட்டிருக்கிறாள்.

இலையுதிர்காலத்தின் ஒரு முற்பகலில் பாசோ தேரோ என்ற சிற்றூரிலிருந்து சிலர் நீர்வளக் குழுவின் முன் வந்தமர்ந்தனர். ஊரைச் சுற்றி யூகலிப்டஸ் தோப்புகள் வளர வளர, கிணறுகளில் நீர் இறங்கிக்கொண்டே போனது. புதிய தோப்புகளுக்கு எல்லை வகுக்கும் மசோதா அந்தக் குழுவிடம் இருந்தது. அன்று பாதி நாற்காலிகள் காலி. வராத உறுப்பினர்கள் அச்சான பதிவைப் படித்துத்தான் வாக்களிப்பார்கள். தோப்புக்காரர்களின் பிரதிநிதிகள் தங்கள் முறைக்காக வெளியே நடைவழியில் காத்திருந்தார்கள்.

ஊராரில் தோரிலா என்னும் பெண்மணி, மாத்தேக்கான வெந்நீர்க் குடுவையைக் குழந்தையைப்போல் இடுக்கிக்கொண்டு, வாய் திறவாமல் அமர்ந்திருந்தாள். அவளது கிணறுதான் முதலில் வற்றியது என்றும், அதை அவளே சொல்வாள் என்றும் மற்றவர்கள் தெரிவித்திருந்தனர். ஆனால், அவளது முறை வந்தபோது ஓர் உறுப்பினர், குழு நேரில் சென்று பார்க்கலாமே என்று குறுக்கிட்டார். எந்த வாரம், எந்த வண்டி என்று பேச்சு கிளம்பியது. தலைவர் சரலேகி கையை உயர்த்தினார்.

"சரி, கொஞ்சம் பேனாவைத் தூக்கிக்கலாம்."

ஒதிலியா பேனாவை உயர்த்தினாள். அடுத்து எழுதும் முறைக்காக அருகில் அமர்ந்திருந்த சக சுருக்கெழுத்தாளர் ஃபௌஸ்தோ கண்களை மூடிக்கொண்டார். கூரையின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கிய வெளிச்சம், நீலமும் பொன்னுமாக மேசையின் மேல் நீந்தியது. பயணப் பேச்சு முடிந்து அறை அமைதியானது. அந்த அமைதியைத் தனக்கு விடப்பட்ட இடமென்று எண்ணித் தோரிலா பேசத் தொடங்கினாள்.

"முன்னெல்லாம் வாளியை உள்ள விட்டா, எம் மூத்தவ பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள தண்ணி சத்தம் கேட்டுடும், ஐயா. இப்ப மூத்தவ பேரு, நடுவுல உள்ளவன் பேரு, கைக்குழந்தையிலேயே போயிட்டானே, அவன் பேரு, எல்லாம் சொல்லி முடிச்சிட்டு நிக்கிறேன். சத்தமே வரல."

அந்தக் கிணற்றின் இருள் மேசைக்கு நடுவே திறந்துகொண்டதைப் போலவும், அதற்குள் அந்த மூன்று பெயர்களும் சுழன்று இறங்கிக்கொண்டே இருப்பதைப் போலவும் ஒதிலியாவுக்குத் தோன்றியது. தலைவர் மெல்லிய குரலில் ஊராருக்கு நன்றி சொன்னார். அடுத்த குழுவினரை அழைக்கச் சொல்லிக் காவலரைப் பார்த்தார்.

ஒதிலியா தன் கையைப் பார்த்தாள். பேனா இன்னும் உயரத்தில் நின்றது. "எழுதலாம்" என்று யாரும் சொல்லவில்லை. கேட்டவர்கள் உருகியதில் அதை மறந்துவிட்டார்கள். வராதவர்கள் படிக்கும் பதிவிலோ தோரிலா பேசியதற்கு அடையாளமே இராது. அடுத்து வரும் தோப்புக்காரர்களின் பேச்சு மட்டும் வரிவரியாக நிற்கும். ஊரார் நிறைவுடன் குடுவைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். காவலரின் கை கதவின் பிடியில் இருந்தது.

தன் குரல் அந்த அறையில் எப்படி ஒலிக்கும் என்பது ஒதிலியாவுக்குத் தெரியாது. அது தூறலைப் போலத்தான் வந்தது.

"மன்னிக்கணும் ஐயா. பேனா இன்னும் மேலதான் இருக்கு."

ஃபௌஸ்தோ திடுக்கிட்டுக் கண் விழித்தார். தலைவர் அவளையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது.

"அந்தம்மா பேசப் பேச நானும் கெணத்துக்குள்ள எறங்கிட்டேன் போல," என்றவர், கதவை மூடச் சொன்னார். தோரிலாவை மீண்டும் அமரச் செய்து, அதையே இன்னொருமுறை சொல்லும்படி வேண்டிக்கொண்டார். "எழுதலாம்."

பேனா இறங்கியது. ஆனால், தான் சொல்வது எழுதப்படுகிறது என்று அறிந்ததும் தோரிலா நிமிர்ந்து அமர்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டாள். கிணறு வற்றிவிட்டதென்றும், கயிற்றை இருமுறை நீட்டியும் எட்டவில்லையென்றும், நகராட்சி வண்டியில் வரும் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களென்றும் சொன்னாள். பிள்ளைகளின் பேச்சையே எடுக்கவில்லை. ஒதிலியா ஒரு சொல்லும் விடாமல் எழுதினாள். பதிவுக்கு அது போதும். வராதவர்கள் படிப்பதற்கும் போதும்.

அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில் கண்ணாடி பனித்திருந்தது. அவளது விரல் தானாக எழுந்து அதன் மேல் ஓடியது. மூத்தவள், நடுவிலுள்ளவன், கைக்குழந்தையிலேயே போனவன். அவற்றின் கீழே, தான் அந்த அறையில் பேசிய ஒரே வாக்கியம். அதுவும் பேனா தூக்கியிருந்தபோது சொல்லப்பட்டதுதான். எந்தப் பதிவிலும் இல்லை. கோடுகளிலிருந்து நீர் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் நில்தா மாத்தேயை நீட்டினாள். ஒதிலியா அதை வாங்கிக்கொண்டு, தங்கை கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஒரு அம்மா வந்திருந்தாங்க, நில்தா..."