யோங்தோ சரிவில் உருண்ட டாக்சி

என் வீட்டுக்காரர் பியோங்சூவோடு தெருவில் நடப்பது பெரும்பாடு. நிற்கிற காரையெல்லாம் குனிந்து அடியில் பார்ப்பார். கிம்ஹேயில், கார்களின் கியரையும் சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் செய்யும் சின்ன ஆலையில் அவர் மேஸ்திரி. "இது எங்க ஆக்சில்" என்று என் தோளை இடிப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. "பெத்த மகனைக்கூட இப்படிக் குனிஞ்சு பார்த்ததில்லையே" என்பேன். சிரிப்பார். நல்ல மனிதர்தான். ஆக்சிலைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

என் அண்ணன் மான்சிக் புசானில் டாக்சி ஓட்டினார். எங்க ஆக்சில் போட்ட கார் என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் அந்தக் காரையே வாங்கினார். வீடு யோங்தோ மலைச்சரிவில். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாலை, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். வண்டி தானாக உருண்டு, கீழே டோஃபு கடை வைத்திருந்த சுந்தோக் அக்காவின் காலை நசுக்கிவிட்டது. அண்ணன் பதறியடித்து உள்ளே பாய்ந்து கியரைப் பிடித்து இழுத்ததில், அது முதலில் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர், அக்காவின் பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் நின்றார்கள். "பார்க்கிங் கியர் போட்டேனே... போட்ட ஞாபகம் இருக்கே" என்று முனகினார் அண்ணன்.

"மச்சான், அது எங்க ஆக்சில். அது விடாது. நீங்கதான் மறந்துட்டீங்க. வயசாகுதுல்ல, ஒத்துக்கங்க" என்றார் இவர், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி.

அண்ணன் ஒத்துக்கொண்டார். கூடப் பிறந்த நானும் அதை நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் டாக்சி லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புவார். பேத்தியோடு ரோட்டைக் கடக்கச் சொன்னால், "என்னை நம்பாதம்மா" என்று மருமகள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிடுவார். சூசோக் பண்டிகைக்குப் பேரிக்காய்ப் பெட்டியோடு சுந்தோக் அக்கா வீட்டு வாசலில் போய்த் தலை குனிந்து நிற்பார். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டே ஏசுவாள்.

போன மாதம் டிவியில் சொன்னார்கள். அண்ணன் ஓட்டிய அந்த மாடல் கார்களைக் கம்பெனி திரும்ப அழைக்கிறதாம். ஆக்சில் உள்ளே நழுவினால், பார்க்கிங் கியரில் நின்றாலும் வண்டி சரிவில் உருளுமாம். இவர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டில் இருந்த சோறு அப்படியே கிடந்தது.

"போன் பண்ணி மச்சான்கிட்ட சொல்லிடவா?" என்றார்.

"அன்னைக்கு நேர்ல நின்னு வாயாலதானே சொன்னீங்க? இன்னைக்கு என்ன போன்ல?" என்றேன். அந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே.

அண்ணன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, "மூணு வருஷமா மனசு ஓரத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சுடி. ஆலையில கேட்கப் பயந்தேன்" என்றார்.

அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்று இவர் சொன்னார். "நீங்க மறக்கலை மச்சான். தப்பு எங்க ஆக்சில்ல."

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... நான் கியர் போட்டேனா?"

"போட்டீங்க மச்சான்."

"நிஜமாவா?"

அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க மாப்ள."

டோஃபு கடையில் மாலைக் கூட்டம். சுந்தோக் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டோஃபு வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் இவரை முன்னால் தள்ளினார். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல? இன்னைக்கும் சொல்லுங்க. அதே சத்தத்துல."

இவர் ஈரத்தரையில் மண்டியிட்டுச் சொன்னார். குரல் எழவில்லை.

"என்ன முனகுறாரு? ஒண்ணும் கேக்கலை" என்றாள் அக்கா.

மறுபடி சொன்னார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "ஏன் டாக்சிக்காரரே, நான் ஏசுறப்பல்லாம் தலையைத் தலையைக் குனிஞ்சீங்களே. கியர் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எனக்கே தெரியலையேக்கா" என்றார் அண்ணன். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அதைக் கேட்டு நெற்றியைத் தரையில் வைத்த என் வீட்டுக்காரர் எழவே இல்லை.