இந்த மலர் இவ்வளவு மெலிந்திருப்பது ஏன்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வண்ணப் படம் இல்லை, நீங்கள் காசு கொடுத்த அஞ்சலிப் பக்கங்களும் இல்லை, நாலு தாளைப் போட்டோஸ்டட் எடுத்துக் குத்திக் கொடுத்துவிட்டாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தார். எங்கள் அம்மா செம்பனை மரங்களுக்கு அடியில் புல்லைக் கொல்லும் மருந்தடித்தே எங்களை வளர்த்தார். கடைசியில் நெஞ்சு கெட்டு, மூச்சுத் திணறியே போய்ச் சேர்ந்தார். செண்டாயானில் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகும் அக்காவுக்கு அது ஆறவில்லை. கூட வேலை செய்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அம்மாவின் கதையை நாடகமாக எழுதினார். சிரம்பானில் ஒரு நல்ல மண்டபத்தில் அதை மேடையேற்ற வேண்டும், அம்மாவாகத் தாமே நடிக்க வேண்டும் என்று துடித்தார்.

துடித்தால் போதுமா? அக்கா செலவுக் கணக்குப் போடும்போது முதலில் சாப்பாட்டைத்தான் எழுதுவார். "வேல முடிஞ்சி பசியோட வர்றாங்க, அதுல கை வைக்காத" என்பார். பிறகு ஒவ்வொன்றாக வெட்டுவார். செட்டு போனது, லோரி போனது. மண்டப வாடகையை மட்டும் வெட்ட முடியவில்லை.

நாடக மலர் போட்டு விளம்பரப் பக்கம் விற்கலாம் என்று இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். போர்டிக்சன் மாமாவிடம் அக்கா அரைப் பக்கம் கேட்டார்.

"இப்ப யாரும்மா நாடகம் பாக்குறா? எல்லாம் போன்லயே வருதுலா."

"எங்கம்மா போன்ல வரமாட்டாங்க மாமா."

மாமா குடிக்க ஒரு கப் தே மட்டும் கொடுத்து அனுப்பிவைத்தார். மற்ற வீடுகளிலும் அதே கதைதான்.

அப்போதே அக்காவின் வயிற்றில் புற்று முற்றியிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். "நோவச் சொல்லிக் கேளுக்கா, குடுப்பாங்க" என்று கெஞ்சினேன்.

"அது எனக்குப் பாவப்பட்டுப் போடுறது. நாடகத்துக்குக் குடுத்ததா ஆவாது" என்றுவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. படுக்கையில் விழுந்த பிறகும் போனில் யாரிடமாவது கால் பக்கமாவது கேட்டுக்கொண்டிருந்தார். குறித்த தேதி போயிற்று, மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் போயிற்று, அக்காவும் போய்விட்டார்.

சென்ற மாதம் இந்த நினைவு மலருக்கு அஞ்சலிப் பக்கம் கேட்டேன். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. மாமா முழுப் பக்கம் எடுத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் அந்தக் காசோடு அச்சகத்துக்குப் போகாமல் அக்கா கேட்டுவைத்த அதே மண்டபத்துக்குப் போய் வாடகை முழுவதையும் கட்டிவிட்டேன். அக்கா இருந்திருந்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார். திட்டட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்காவை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், அஞ்சலிப் பக்கத்துக்குக் காசு கொடுத்தவர்களுக்கும் நன்றி. காசு திரும்ப வேண்டுவோர் தாராளமாகக் கேட்கலாம், ஆனால் நாடகத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை. மேடை விளக்கு வாடகைக்கு எடுக்கக் காசில்லை, மண்டபத்து டியூப்லைட்டிலேயே நடிப்போம். சாப்பாடு உண்டு. அம்மாவாக நான்தான் நடிக்கிறேன். எனக்கு நடிக்க வராது, வசனமும் இன்னும் பாதிதான் மனப்பாடம். கையெடுத்துக் கும்பிடுகிறேன், நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடாதீர்கள். மாமா, முன் வரிசையில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறேன்.